இரண்டு வாக்கியங்களுக்கு நடுவில்

இரும்புச் சுருள் கிடங்கில் நடந்த விபத்தைப் பற்றிய ஆங்கில அறிக்கையை எழுதியவர் ‘தேர்ஃபோர் அக்கா’. அதில் இருந்த ஒவ்வொரு வாக்கியமும் உண்மை. அப்படி இருந்தும் அந்த அறிக்கை அவருடைய சொந்தத் தம்பியின் பிழைப்பில் கைவைத்தது. அது எப்படி நடந்தது, எப்படி முடிந்தது என்பதை எழுதுகிறேன். ஆலையின் ஆவண அறை அப்போது என் பொறுப்பில் இருந்தது. விசாரணைகளில் பேசப்படுவதைக் குறித்துக்கொள்வதும் என் வேலை. அலுவலகத்திலும் கிடங்கிலும் நடந்தவற்றை நான் நேரில் பார்த்தேன். வீட்டில் நடந்ததை அக்காவும் அவருடைய தம்பி மனைவியும் பின்னால் தனித்தனியாகச் சொன்னார்கள். இருவர் சொன்னதும் ஒத்துப்போன இடங்களை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

அக்கா பள்ளிப்படிப்பு முடித்து, தட்டச்சு கற்று, ஆலையில் சேர்ந்தவர். வீட்டில் ஆங்கிலம் பேசியவர் எவருமில்லை. அவர் ஆங்கிலம் கற்றது தலைமை அலுவலகத்திலிருந்து வரும் கடிதங்களைப் படியெடுத்துப் படியெடுத்து. அந்தக் கடிதங்களில் வாக்கியங்கள் ஒன்றன் கையை ஒன்று பிடித்துக்கொண்டு வந்தன. அவர் எழுதியவையோ பேருந்துக்கு நிற்கும் ஆட்களைப் போல ஒன்றையொன்று பார்க்காமல் நின்றன. வித்தியாசம் சில சொற்களில்தான் என்று அவர் கண்டுபிடித்தார். தேர்ஃபோர், மோர்ஓவர், ஹவெவர், கான்சிக்குவன்ட்லி.

அவற்றை அவர் அரைகுறையாகக் கற்கவில்லை. முன்னால் சொன்ன பக்கத்துக்கே இன்னொரு பலம் சேர்ப்பதாக இருந்தால்தான் மோர்ஓவர். சொன்னதற்கு எதிராகத் திரும்பினால் ஹவெவர். சொன்னதிலிருந்து ஒரு முடிவுக்கு வந்தால் தேர்ஃபோர். ஒரு நிகழ்ச்சி இன்னொரு நிகழ்ச்சியைப் பெற்றுப்போட்டால் கான்சிக்குவன்ட்லி. எல்லாவற்றுக்கும் பிறகு ஒரு காற்புள்ளி. இந்தச் சொற்கள் வந்து சேர்ந்த பிறகு அவருடைய அறிக்கைகள் தலைமை அலுவலகத்திலிருந்து சிவப்பு மையோடு திரும்பி வருவது நின்றது. ஆலையில் ஆங்கிலத்தில் எழுத வேண்டியதெல்லாம் அவர் மேசைக்கே போயிற்று.

உணவுக்கூடத்தில் அவரைச் சும்மா விடமாட்டார்கள். “அக்கா, எனக்குப் பசிக்குது. மோர்ஓவர், உங்க டிபன் டப்பா பெருசா இருக்கு” என்பார் ஒருவர். “ஹவெவர், உனக்குக் கிடையாது” என்பார் அக்கா, மூடியைத் திறந்துகொண்டே. பெயர் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது.

அவர் வேலை செய்யும் விதம் ஒன்று உண்டு. சம்பவத்தைப் பார்த்தவர்களை ஒவ்வொருவராக அழைத்து உட்காரவைத்துக் கேட்பார். சொன்னதை வாக்கியமாக எழுதி, அவர்களுக்கே படித்துக் காட்டி, தலையாட்டியதும் அனுப்பிவிடுவார். ஒவ்வொரு வாக்கியத்தின் தொடக்கத்திலும் விரலளவு இடம் விட்டிருப்பார். எல்லாரும் போன பிறகு கதவைச் சாத்திக்கொண்டு, அந்த இடங்களில் இணைப்புச் சொற்களை நிரப்புவார். “அக்கா பாலம் போடறாங்க, கதவத் தட்டாத” என்று வெளியே கிசுகிசுப்பார்கள். பாலம் போடும்போது அறையில் சாட்சி எவரும் இருந்ததில்லை. இதில் கோளாறு இருக்கலாம் என்று அதுவரை எவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

விபத்து நடந்த நாளில் ஆலை வாசலிலிருந்து சாலைவரை லாரிகள் நின்றன. கிடங்கின் கூரைக்கு அடியில் தண்டவாளத்தில் ஓடும் கிரேன்தான் சுருள்களைத் தூக்கி லாரியில் வைக்கும். அதன் வயிற்றில் தொங்கும் சின்னக் கூண்டில் உட்கார்ந்து அதை ஓட்டியவர் அக்காவின் தம்பி. எப்போதும் உயரத்தில் இருப்பதால் அவரை ‘மாடிவீட்டுக்காரர்’ என்பார்கள். கீழே நின்று சுருளுக்குச் சங்கிலி மாட்டுபவர் சங்கிலிக்காரர். இருவருக்கும் ஒரே வயது, ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள்.

நண்பகல் மணிக்குச் சற்று முன்பு, ஒரு சுருள் இடுப்பளவு உயரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. அதை இறக்கிவைக்க வேண்டிய மரக்கட்டை கோணலாகக் கிடந்தது. சங்கிலிக்காரர் கட்டையைக் காலால் தள்ளி நேராக்கப் போனார். சுருள் இறங்கியது. அறுந்து விழவில்லை, சத்தமில்லாமல், எவரோ இறக்குவதைப் போல இறங்கியது. அவருடைய இடது பாதம் அடியில் மாட்டிக்கொண்டது.

மறுநாள் காலை மேனேஜர் முன்னிலையில், இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் ஃபிட்டர் கிரேனின் பிரேக்கைச் சோதித்தார். பாரத்தைத் தூக்கி நிறுத்தினார்கள், நின்றது. இந்த ஃபிட்டரை எல்லாரும் கிரீஸ் மாமா என்பார்கள். ஆனால் ஆலையிலேயே சுத்தமான கைகள் அவருடையவைதான். அக்கா ஒவ்வொருவராகக் கேட்டு எழுதினார். பின்பு கதவைச் சாத்தினார்.

அறிக்கையின் நடுப்பகுதியைத் தமிழில் சொன்னால் இப்படி இருக்கும்: கிரேன் காலை ஷிப்ட் தொடங்கியது முதல் இடைவிடாமல் பாரம் தூக்கியது. மோர்ஓவர், ஆபரேட்டர் இடைவேளைக்குக் கீழே இறங்கவில்லை. கான்சிக்குவன்ட்லி, தொங்கிக்கொண்டிருந்த சுருள் கீழிறங்கிச் சங்கிலிக்காரரின் இடது பாதத்தை நசுக்கியது. கட்டுப்பாட்டு லீவரைத் தொடவில்லை என்று ஆபரேட்டர் கூறுகிறார். மறுநாள் பிரேக் சோதிக்கப்பட்டது; குறை எதுவும் காணப்படவில்லை.

மேனேஜர் படித்துவிட்டு, “தம்பின்னு பாக்காம எழுதியிருக்கீங்க. பெரிய மனசு” என்றார். அக்காவுக்கு அது பிடித்திருந்தது. அறிக்கை அன்றே போயிற்று.

பதில் வர வெகுநாள் ஆகவில்லை. ஆபரேட்டர் தற்காலிக நீக்கம். உரிமத்தை ரத்து செய்யப் பரிந்துரை. வியாழக்கிழமை விசாரணை. கடிதத்தின் நடுவில் மோர்ஓவரும் கான்சிக்குவன்ட்லியும் வரும் அந்த இரண்டு வாக்கியங்களை மேற்கோள் குறிக்குள் அப்படியே எடுத்துப் போட்டிருந்தார்கள். ஆபரேட்டரின் களைப்பே காரணம் என்று அறிக்கையிலிருந்து தெளிவாகிறது என்று கீழே ஒரு வரி. உரிமம் போனால் அந்த ஆலையில் மட்டுமல்ல, எந்த ஆலையிலும் அவர் கூண்டில் ஏற முடியாது. வேறு தொழில் அவருக்குத் தெரியாது.

அன்று மாலை தம்பியும் தம்பி மனைவியும் அக்கா வீட்டுக்கு வந்தார்கள். தம்பி உள்ளே வராமல் வாசற்படியிலேயே நின்றுகொண்டார். தம்பி மனைவி கடிதத்தை மேசைமேல் விரித்து வைத்தார்.

“அண்ணி, இதுல என்ன எழுதியிருக்குன்னு படிச்சுச் சொல்லுங்க.”

“உனக்குத் தெரியாதாம்மா? இதுக்குள்ள யாராவது சொல்லியிருப்பாங்களே.”

“சொன்னாங்க. நீங்க சொல்லணும். எழுதினது நீங்கதானே?”

அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு வாக்கியமாகத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தார். “கிரேன் நிக்காம ஓடியிருக்கு. அதுமட்டுமில்லாம, ஆபரேட்டர் இடைவேளைக்கு எறங்கல. அதோட விளைவா…” அங்கே நாக்கு நின்றுவிட்டது. ஆங்கிலத்தில் காதுக்கு இதமாக இருந்த சொல் தமிழில் தம்பியின் சட்டையைப் பிடித்து உலுக்கியது.

“மேல சொல்லுங்க அண்ணி.”

வாசலிலிருந்து தம்பி கேட்டார்: “யாருக்கா சொன்னாங்க?”

“எதைடா?”

“விளைவான்னு. நான் களைச்சுப்போய்க் கோட்டை விட்டேன்னு எவன் சொன்னான்? பேரைச் சொல்லு, போய்க் கேட்டுக்கறேன்.”

“யாரும் சொல்லல.”

“சங்கிலிக்காரன் சொன்னானா?”

“இல்லடா. அவனும் சொல்லல.”

“அப்ப யார் போட்டது?”

“நான்தான். ரெண்டு வாக்கியம் வெறுமனே நின்னுச்சு. சேத்தாத்தான் படிக்க நல்லாருக்கும்னு…” அக்கா கண்ணாடியைக் கழற்றினார். “அதுவும் இல்ல. நீ என் தம்பி. உனக்காக வளைச்சு எழுதினான்னு எவனும் பேசக்கூடாதுன்னு நெனச்சேன்.”

“அதுக்காக எதிர்ப்பக்கம் வளைச்சுட்ட.”

இதைச் சொல்லிவிட்டு அவர் படியிறங்கிப் போய்விட்டார். தம்பி மனைவி கடிதத்தை மடித்தார். “அண்ணி, அவர் அன்னிக்கு இடைவேளைக்கு எறங்காததே மேனேஜர் எறங்காதேன்னு சொன்னதாலதான். அதை ஏன் எழுதல?”

“அவன் என்கிட்ட அதச் சொல்லலியேம்மா.”

“நீங்க கேட்டீங்களா?”

அக்கா கேட்டிருக்கவில்லை. இடைவேளைக்கு இறங்கினாயா என்று கேட்டார், இல்லை என்று பதில் வந்தது, எழுதிக்கொண்டார். அத்தோடு சரி.

மறுநாள் காலை மேனேஜர் அறைக்கு அக்கா போனபோது, விசாரணைக் கோப்பைக் கொடுப்பதற்காக நானும் அங்கே இருந்தேன்.

“அறிக்கையைத் திரும்ப வாங்கிக்கணும் சார். ரெண்டு வார்த்தையை எடுக்கணும்.”

மேனேஜர் சிரித்தார். “எந்த ரெண்டு வார்த்தை? தம்பி, அக்கா, இந்த ரெண்டா?”

“மோர்ஓவர், கான்சிக்குவன்ட்லி. அதை யாரும் சொல்லல சார். நானாப் போட்டது.”

“இங்க பாருங்கம்மா. இன்னிக்கு அதை எடுத்தா ஊரே என்ன சொல்லும்? தம்பி மாட்டிக்கிட்டான், அக்கா அறிக்கையை மாத்திட்டாங்கன்னு சொல்லும். உங்க பேர் போகும், வேலையும் போகும். தம்பி தப்பிப்பாரா? அதுவும் நடக்காது. பிரேக் நல்லாருக்குன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. மெஷின்ல குறை இல்லன்னா ஆள்கிட்டதான குறை? விசாரணைல நீங்க சாட்சி கிடையாது. கேட்டா மட்டும் பேசுங்க.”

அவர் சொன்னதில் தவறு கண்டுபிடிக்க முடியவில்லை. பிரேக் பற்றிய வாக்கியமும் உண்மைதான். அக்கா வெளியே வந்து நின்றார். “காரணம் என்னன்னு எனக்குத் தெரியாது” என்று என்னிடம் சொன்னார். “அவனா இருந்தாலும் இருக்கலாம். அதான் பயமா இருக்கு.”

வியாழக்கிழமை தலைமை அலுவலகத்திலிருந்து வந்தவர் ஒரு பெண் என்ஜினியர். நரை ஓடிய தலை, சின்னக் குரல். நீண்ட மேசையின் ஒரு பக்கம் அவரும் மேனேஜரும். எதிரில் தம்பி, ஃபிட்டர், அன்று கிடங்கில் இருந்த இருவர். நான் ஓரத்தில் எழுதிக்கொண்டிருந்தேன். அக்காவை ஜன்னலோரம் உட்காரவைத்திருந்தார்கள். என்ஜினியர் அறிக்கையைப் பிரித்து, தம்பியைப் பார்த்து, “இதுல எழுதியிருக்கறதுல ஏதாவது உண்மை இல்லாம இருக்கா?” என்று கேட்டார்.

தம்பி அக்காவைப் பார்க்கவில்லை. “நான் எறங்காதது உண்மை. கிரேன் நிக்காததும் உண்மை. லீவரை நான் தொடல. அவ்வளவுதான் மேடம்.”

“அப்ப பாரம் தானா எறங்குச்சா?”

“ஆமா.”

“பிரேக் நல்லாருக்கே.”

என்ஜினியர் பேனாவைத் திறந்தார். அப்போதுதான் அக்கா எழுந்தார். நாற்காலி பின்னால் சாய்ந்து சுவரில் இடித்தது.

“மேடம், அறிக்கை எழுதினது நான். ஒரு விஷயம் சொல்லணும்.”

“உங்களை இன்னும் கூப்பிடல” என்றார் மேனேஜர்.

“சொல்லட்டும். உக்காந்து சொல்லுங்கம்மா.”

“நின்னே சொல்லிடறேன் மேடம். அதுல மோர்ஓவர், கான்சிக்குவன்ட்லின்னு ரெண்டு வார்த்தை இருக்கு. மத்ததெல்லாம் பாத்தவங்க சொன்னது. அந்த ரெண்டும் யாரும் சொன்னதில்ல. எல்லாரும் போனதுக்கப்புறம் கதவைச் சாத்திட்டு நான் போட்டது.”

“இவர் உங்க தம்பிதானே?”

“ஆமா மேடம்.”

“தம்பிங்கறது நேத்துதான் ஞாபகம் வந்துச்சா?”

கிடங்கு ஆள் ஒருவர் சிரித்துவிட்டு உடனே வாயை மூடிக்கொண்டார். அக்காவின் முகம் சிவந்தது. “எழுதும்போதும் ஞாபகம் இருந்துச்சு மேடம். அதனாலதான் போட்டேன். வேற ஆளா இருந்தா ரெண்டு தடவை யோசிச்சிருப்பேன்.”

என்ஜினியர் அறிக்கையை அக்கா பக்கம் நகர்த்தினார். “சரி. அந்த ரெண்டு வார்த்தையையும் விட்டுட்டு, தமிழ்லயே, மெதுவாப் படிங்க.”

அக்கா படித்தார். இணைப்பு எடுபட்டதும் வாக்கியங்கள் விலகி விலகி நின்றன. கிரேன் காலை ஷிப்ட் தொடங்கியது முதல் இடைவிடாமல் பாரம் தூக்கியது. ஆபரேட்டர் இடைவேளைக்குக் கீழே இறங்கவில்லை. சுருள் கீழிறங்கியது.

“முதல் வாக்கியம் மட்டும் இன்னொரு தடவை.”

“கிரேன் காலை ஷிப்ட் தொடங்கியது முதல் இடைவிடாமல் பாரம் தூக்கியது.”

என்ஜினியர் பேனாவை மூடினார். “வர்ற வழியெல்லாம் இதைத்தான் படிச்சுக்கிட்டு வந்தேன். ஒவ்வொரு தடவையும் ஆள் களைச்சுட்டார்னுதான் படிச்சிருக்கேன். மோர்ஓவர் அந்தப் பக்கமாவே கையப் புடிச்சு இழுத்துட்டுப் போயிடுச்சு. நிக்காம ஓடினது மெஷினும்தானே?” ஃபிட்டர் பக்கம் திரும்பினார். “பிரேக்கை எப்ப பாத்தீங்க?”

“மறுநாள் காலைல மேடம்.”

“சூடா இருந்துச்சா, ஆறியிருந்துச்சா?”

“ராத்திரி முழுக்கச் சும்மா நின்ன மெஷின் ஆறாம எப்படி இருக்கும்?”

“பாக்கறதுக்கு முன்னாடி என்ன செஞ்சீங்க?”

“மூடியக் கழட்டி எல்லாத்தையும் துணியால நல்லாத் துடைச்சேன். அழுக்கா இருக்கறதத் தொட்டுப் பாக்கற பழக்கமே நமக்குக் கிடையாது” என்றார் கிரீஸ் மாமா, கொஞ்சம் பெருமையோடு.

“துடைக்கறதுக்கு முன்னாடி அதுல என்ன இருந்துச்சு?”

கிரீஸ் மாமா தம் சுத்தமான கைகளைப் பார்த்துக்கொண்டார்.

என்ஜினியர் எழுந்தார். மறுநாள் காலை கிரேனை அன்று ஓடியது போலவே ஓட்டிப் பார்ப்பதாகச் சொன்னார். அதே எடையுள்ள சுருள், அதே இடம், நண்பகல்வரை. லாரிகள் காத்திருக்கும் என்று மேனேஜர் மறுத்தார். காத்திருக்கட்டும் என்றார் அவர். பிறகு தம்பியைப் பார்த்து, “ஒண்ணு தெரிஞ்சுக்கோங்க. பிரேக் கடைசிவரைக்கும் புடிச்சு நின்னுச்சுன்னா, நாளைக்கே உங்க உரிமத்தை ரத்து பண்ணச் சொல்லி எழுதிடுவேன். அப்புறம் இழுத்தடிக்கறதுக்கு ஒண்ணுமில்ல” என்றார்.

“சரி மேடம்” என்றார் தம்பி. அக்கா அப்போதுதான் உட்கார்ந்தார்.

வெள்ளிக்கிழமை காலை கிடங்கில் தரையில் மஞ்சள் கோடு போட்டு, அதற்கு அப்பால் எவரும் போகக்கூடாது என்று கயிறு கட்டினார்கள். கூண்டில் ஏறியது வேறொரு ஆபரேட்டர். விடுமுறை முடிந்து அன்றுதான் வந்தவர். சுருளைத் தூக்குவது, கிடங்கின் நீளத்துக்குக் கொண்டுபோவது, இடுப்பளவு உயரத்தில் நிறுத்துவது, இறக்குவது, மறுபடி தூக்குவது. நிறுத்தும் ஒவ்வொரு முறையும் ஆபரேட்டர் லீவரை விட்டுவிட்டு இரண்டு கைகளையும் கூண்டின் ஜன்னலுக்கு வெளியே நீட்டிக் காட்ட வேண்டும் என்பது என்ஜினியரின் கட்டளை.

முதல் தடவை சுருள் நின்றது. ஆணியடித்தது போல நின்றது. இரண்டாவது, மூன்றாவது தடவையும் அப்படியே.

மேனேஜர் நாற்காலி வரவழைத்து உட்கார்ந்தார். வேடிக்கை பார்க்க வந்தவர்கள் ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். தம்பி கயிற்றுக்குப் பக்கத்தில் கைகட்டி நின்றார். அக்கா அவரிடமிருந்து பத்தடி தள்ளி நின்றார். சுருள் நிற்கும் ஒவ்வொரு முறையும் அவர் கண்ணை மூடுவதையும், கிரேனின் மணிச்சத்தம் கேட்டதும் திறப்பதையும் பார்த்தேன். திறக்கும்போதெல்லாம் சுருள் அங்கேயே இருந்தது. அது அசையாமல் நிற்கவேண்டும் என்றுதான் ஒரு கிடங்கில் எல்லாரும் விரும்புவார்கள். அன்று அது நிற்க நிற்க ஒரு மனிதனின் சோறு போய்க்கொண்டிருந்தது.

இடைவேளை மணி அடித்தது. “இவரும் எறங்காம இருந்தா களைப்புன்னு நீங்களே சொல்வீங்க” என்றார் என்ஜினியர் மேனேஜரிடம். “ஆள் எறங்கட்டும், வேற ஆள் ஏறட்டும். மெஷினுக்கு மட்டும் இடைவேளை கிடையாது.” அதுவரை ஓய்விலிருந்த இன்னொரு ஆபரேட்டர் ஏறினார். தூக்கினார், நிறுத்தினார், கைகளை நீட்டினார். நின்றது.

“இதுக்குமேல என்ன மேடம் பாக்கணும்?” என்றார் மேனேஜர்.

“நண்பகல்வரைக்கும்னு சொன்னேன்.”

தம்பி முதல் தடவையாக அக்கா பக்கம் திரும்பினார். “வீட்டுக்குப் போக்கா. நின்னு என்ன ஆகப்போகுது.”

“நான் போகலடா.”

“எனக்காக நிக்காத.”

“உனக்காக மட்டும் நிக்கல.”

நிழல்கள் சுருங்கின. தகரக் கூரையிலிருந்து வெப்பம் இறங்கியது. திடீரென்று கிரீஸ் மாமா மூக்கை உயர்த்தினார். இரண்டு தடவை உறிஞ்சினார். “என்னமோ காயற வாசனை வருதே” என்றார், எவரிடமும் அல்லாமல்.

சுருள் மறுபடி வந்து இடுப்பளவில் நின்றது. கூண்டிலிருந்து இரண்டு கைகளும் வெளியே நீண்டன. பத்து விரல்களும் விரிந்திருந்தன. எல்லாருடைய கண்ணும் அந்தக் கைகள் மேல்தான். எவரும் முதலில் சுருளைப் பார்க்கவில்லை. தம்பிதான் பார்த்தார். “எறங்குது” என்றார், மிக மெதுவாக.

இறங்கியது. முதலில் விரலளவு, பிறகு சாணளவு, பிறகு ஒரே சறுக்கல். மரக்கட்டை பிளந்த சத்தத்தில் கூரையிலிருந்த புறாக்கள் மொத்தமாகக் கிளம்பின. கூண்டிலிருந்த கைகள் அப்படியே நீண்டிருந்தன. அந்த ஆபரேட்டர் அவற்றை உள்ளே இழுக்க மறந்துபோயிருந்தார்.

கிரீஸ் மாமா ஏணியில் ஏறி மூடியைக் கழற்றினார். இந்த முறை துணியைத் தொடவில்லை. விரலை மட்டும் உள்ளே விட்டு எடுத்துக் காட்டினார். விரல் முழுக்க எண்ணெய். பக்கத்திலிருந்த கியர்பெட்டியின் எண்ணெய் சூடேறியதும் இளகி, தேய்ந்துபோன அடைப்பு வளையத்தின் வழியாகப் பிரேக் மேல் கசிந்திருக்கிறது. ஆறினால் கசிவு நின்றுவிடும். பிரேக் மேல் மிச்சமிருந்ததை விபத்துக்கு மறுநாள் அவர் துடைத்துவிட்டார். இறங்கி வந்து ஏணியின் கடைசிப் படியில் உட்கார்ந்தவர் நெடுநேரம் எழுந்திருக்கவில்லை. “என் கையாலயே தொடைச்சிட்டேனே” என்று மட்டும் சொன்னார்.

அக்கா அவர் பக்கத்தில் போய் நின்றார். “மாமா, எண்ணெய் கசிஞ்சுது, அதனாலதான் பாரம் எறங்குச்சு. இப்படி எழுதலாமா? நீங்க சொன்னாத்தான் எழுதுவேன்.”

“இன்னிக்கு எறங்கினது அதனாலதான். எழுதிக்க.”

“அன்னிக்கு?”

கிரீஸ் மாமா யோசித்தார். “அன்னிக்கு நான் பாக்கலியேம்மா. அதே மாதிரின்னு வேணா போடு.”

அப்படியே போட்டார். புதிய அறிக்கையை அக்கா கிடங்கிலேயே ஒரு பெட்டியின் மேல் தாளை வைத்து, எல்லாரும் சுற்றி நிற்க எழுதினார். இடைவேளைக்கு இறங்காதே என்று மேனேஜர் சொன்னதாகத் தம்பி கூறியதும் அதில் ஏறியது. சொன்னேன் என்று மேனேஜர் ஒப்புக்கொள்ளவில்லை. அந்த மறுப்பும் அதில் ஏறியது. தம்பியின் உரிமம் தப்பியது, நீக்கம் ரத்தானது. தேய்ந்த வளையத்தை மாற்றவும், நாள் முழுக்க ஓடும் கிரேனை நடுவில் நிறுத்தி ஆறவிடவும் உத்தரவு வந்தது. அக்காவுக்கும் ஓர் எச்சரிக்கைக் கடிதம் வந்தது: தாம் ஊகித்ததை நடந்ததாக எழுதியதற்கு. அதை அவருடைய கோப்பில் சேர்த்தது நான்தான். அவர் அதை எதிர்த்து ஒரு வரிகூட எழுதவில்லை. சங்கிலிக்காரர் மருத்துவமனையிலிருந்து வந்த பிறகு சேமிப்பறையில் உட்கார்ந்து செய்யும் வேலைக்கு மாறினார். நடக்கும்போது இடப்பக்கம் சாய்வார்.

தம்பி வேலைக்குத் திரும்பிய நாளில், புதிய அறிக்கையின் இறுதிப் படியில் அவருடைய கையெழுத்து வேண்டியிருந்தது. என்னை அனுப்பியிருக்கலாம். அக்கா தாமே எடுத்துக்கொண்டு போனார். நான் பேனாவோடு பின்னால் போனேன். தம்பி கூண்டுக்கு ஏறும் ஏணியடியில் நின்றிருந்தார்.

“கையெழுத்துப் போடணும்டா.”

“படிச்சுட்டுப் போடறேன்.”

“இங்கிலீஷ்டா.”

“தெரியுது. நீ சொல்லு. ஒவ்வொரு வார்த்தையா சொல்லு.”

அக்கா ஏணியைப் பிடித்துக்கொண்டு ஆரம்பித்தார். தம்பி விரலை வைத்துக்கொண்டு வந்தார். வாக்கியத்தின் தொடக்கத்தில் காற்புள்ளியோடு எந்தச் சொல் வந்தாலும் விரல் நின்றது. இது என்ன, இதை யார் சொன்னது, அவன் எந்த இடத்திலிருந்து பார்த்தான். இடைவேளை மணி அடித்து ஓய்ந்தது. சுற்றி நின்றவர்கள் டீ குடிக்கப் போனார்கள். இவர்கள் இருவரும் அசையவில்லை. கடைசிப் பத்தியில் விரல் மறுபடி நின்றது.

“இது?”

“ஹவெவர். ஆனாலும்னு அர்த்தம்.”

“எதுக்கு ஆனாலும்?”

“ஆபரேட்டர் அன்னிக்கு ஓய்வு எடுக்கல. ஆனாலும், ஓய்வெடுத்துட்டு வந்த ஆளு கையை வெளில நீட்டிக்கிட்டு இருந்தப்பவும் பாரம் எறங்குச்சு.”

“இதை யார் பாத்தாங்க?”

“எல்லாரும் பாத்தாங்கடா. நீ, நான், மேடம், மாமா, மேனேஜர். அந்தப் புறாவெல்லாம்கூடப் பாத்துச்சு.”

தம்பி சிரிக்கவில்லை. அந்த ஒற்றைச் சொல்லை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னிடமிருந்து பேனாவை வாங்கினார்.

“இது இருக்கட்டும்” என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, ஏணியில் ஏறினார்.